பொது எண்ணை விரலால் மறையுங்கள்

8 + 5, 8 + 3 இரண்டில் எது பெரியது என்று குழந்தையிடம் கேட்கும்போது, இரு பக்கமும் இருக்கும் 8-ஐ விரலால் மறைத்துவிடுங்கள். மிஞ்சுவது 5, 3 மட்டுமே. கூட்டிப் பார்க்காமலே விடை வந்துவிடும். தொடங்கும் அளவு ஒன்றாக இருந்தால், எங்கே அதிகம் சேர்கிறதோ அங்கேதான் மொத்தமும் அதிகம்.

சறுக்குவது கழித்தலில்தான். 12 − 7, 12 − 4 என்று கொடுத்தால், 7 பெரிது என்பதால் முதல் கணக்கையே காட்டும். வரிசைக்கு 12 புளியங்கொட்டையாக இரண்டு வரிசை அடுக்கி, ஒன்றில் 7, மற்றதில் 4 எடுக்கச் சொல்லுங்கள். ஐந்தும் எட்டும் கண்ணெதிரே கிடக்கும்போது, அதிகம் எடுத்தால் குறைவாக மிஞ்சும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. (வாயில் போட்டுக்கொள்ளும் வயதென்றால் கொட்டை வேண்டாம், ஐஸ் குச்சி போதும்.) 15 − 6, 13 − 6 போலக் கழிக்கும் எண் பொதுவானால் பழைய விரல் வித்தையே போதும்.

9 + 4, 7 + 5 போலப் பொது எண்ணே இல்லாவிட்டால் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். குறி மாறினாலும் மறைக்கக் கூடாது: 10 + 2, 10 − 6 இரண்டிலும் 10-ஐ மறைத்தால், 6 பெரிதாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.