எலெக்டிவ் எடுக்கும் முன் முதல் வருஷ நோட்டைத் திறந்து பாருங்கள்

இன்ஜினியரிங் காலேஜில் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், தேர்வு செய்யச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் சீனியருக்குப் போன் போட்டு "எதுல மார்க் ஈஸியா வரும்ணா" என்றுதான் கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழக சிலபஸை எடுத்து, நீங்கள் நினைத்திருக்கும் எலெக்டிவின் முதல் இரண்டு யூனிட்டை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில், இதற்கு அடிப்படை எந்தப் பாடத்தில் வந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள். மெஷின் லேர்னிங் எடுக்கிறீர்கள் என்றால் அதில் வரும் பிரின்சிபல் காம்பொனென்ட் அனாலிசிஸ் (பெரிய டேட்டாவைச் சுருக்கும் முறை) முழுக்க மேட்ரிக்ஸ் கணக்கில் வரும் ஐகன் வேல்யூ, ஐகன் வெக்டர்தான், அதாவது 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் பாடத்தின் முதல் யூனிட், நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அதே கணக்கு. மெக்கானிக்கல், சிவில்காரர்கள் ஃபைனைட் எலிமென்ட் (ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடும் முறை) எடுத்தால் அங்கேயும் மேட்ரிக்ஸ் வந்து நிற்கும், கூடவே ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த பீம் வளைவும் வரும். சாஃப்ட்வேரில் பட்டனை அழுத்தினால் கலர் கலராகப் படம் வந்துவிடும்தான், ஆனால் அந்த விடை சரியா என்று சொல்ல அடிப்படை வேண்டும்.

அடிப்படை எதுவென்று தெரியாமல் எழுதாமல் விட்ட இடங்கள் இரண்டு மூன்றுதான் என்றால் தைரியமாக எடுங்கள், செமஸ்டர் லீவில் சரிசெய்துவிடலாம். பாதிக்கு மேல் காலி என்றால் அந்த எலெக்டிவை அடுத்த செமஸ்டருக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள்.

சரிசெய்ய கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட வேண்டாம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வீடியோக்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். 4, 8, 12 வாரப் பாடங்கள் இருக்கின்றன. அடிப்படையைத் திருத்த தேர்வே எழுத வேண்டாம், தேவையான வாரத்தை மட்டும் பார்த்து அந்த அசைன்மென்ட்டைப் பேப்பரில் போடுங்கள், வெறுமனே பார்த்தால் ஒட்டாது. என்பிடெல் பாடத்தை டிகிரிக்கான கிரெடிட்டாக மாற்ற நினைக்கிறவர்கள் பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், முடித்த பிறகு போய் நின்றால் சிக்கல்.

புத்தகம் வேண்டுமா, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். ஒரே தலைப்பில் நாலு புத்தகத்தை மேசையில் விரித்து, எது உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறது என்று பார்த்துவிட்டு, அதை மட்டும் மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்குத் தேடுங்கள்.

அப்புறம், பெயர் கொடுப்பதற்கு முன் அந்த எலெக்டிவை நடத்தப்போகும் ஆசிரியரிடமோ சீனியரிடமோ போன வருஷ இன்டர்னல் கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள். விடை தெரிய வேண்டியதில்லை, கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்தால் போதும், பெயரைக் கொடுத்துவிடலாம்.