பழைய பைக் பொக்ஸின் திறப்பு தொலைந்துவிட்டதா? பூட்டில் கை வைக்கும் முன்

திறப்பு தொலைந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது ஸ்குரூ டிரைவரைத்தான். இதில் நடக்கும் தவறுகளிலேயே அதிகம் செலவு வைப்பது அதுதான். கிரவுசர், கிவி போன்ற நிறுவனங்கள் செய்த, பைக்கின் பக்கத்தில் மாட்டும் பழைய பெட்டிகளில், தொலைந்த திறப்பை மறுபடி வெட்டத் தேவையான எல்லாத் தகவலும் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. பூட்டு முழுதாக இருக்கும்வரை திறப்பு எங்கும் போய்விடவில்லை என்றே நினையுங்கள். அதை நெம்பி உடைத்துவிட்டால் அந்தத் தகவலும் போய்விடும். 40 வருடப் பெட்டிக்குப் பொருந்தும் பூட்டை, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது தகட்டுப் பூட்டு. திறப்போடு சேர்ந்து சுழலும் உருளையான சிலிண்டருக்குள் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான திறப்பு உள்ளே போனதும் எல்லாத் தகடுகளும் சிலிண்டரின் விளிம்போடு சமமாக நிற்கும், பூட்டு சுழலும். தகடுகளில் நாலைந்து உயர வகைகள்தான் வழக்கம். பல பூட்டுகளில் தகட்டின் மேலேயே 1, 2, 3 என்று எண் அடித்திருப்பார்கள். சிலிண்டரைக் கழற்றிய ஒரு நல்ல திறப்பு வெட்டுபவர் அந்த எண்களை வரிசையாக வாசித்தே புதுத் திறப்பை வெட்டிவிடுவார். சிலிண்டரை நீங்களே பிரிப்பதாக இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுச் செய்யுங்கள். தகடு எந்த வரிசையில் நின்றது என்பதை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் கராஜ் தரையில் தேடிப்பிடிப்பது லேசான காரியமில்லை.

பூட்டில் திறப்புக்கான இலக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் கடைக்கு ஓடுவது அடுத்த தவறு. பூட்டின் முகத்திலோ, சிலிண்டரின் பக்கவாட்டிலோ, பழைய திறப்பின் தலையிலோ மூன்று நான்கு இலக்கங்கள் இருக்கலாம். கொழும்பின் கடற்காற்றில், அதுவும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் நிறுத்திய பைக் என்றால், வெண்ணிறப் பூப்பு படிந்து அது கண்ணுக்கே தெரியாது. பழைய டூத் பிரஷால் மெதுவாகத் துடைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து அடித்துப் பாருங்கள். மண் கடதாசி போடவே போடாதீர்கள், இலக்கமும் சேர்ந்து தேய்ந்துவிடும். இலக்கம் கிடைத்துவிட்டால் அதை வைத்தே திறப்பு செய்து தரும் வியாபாரிகள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அதைத் திறப்பின் படத்தோடு பொது இடத்தில் பதிவிடாதீர்கள். தெளிவான படம் ஒன்றோ இலக்கமோ இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தத் திறப்பை வெட்டிக்கொள்ளலாம்.

பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது தூசியோடு சேர்ந்து பசையாகி, தகடுகளை அப்படியே ஒட்டவைத்துவிடும். துருவை இளக்கும் ஸ்பிரே கொஞ்சம் அடித்து ஓர் இரவு விட்டு, அழுக்கை வெளியேற்றி, காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் போடுவதே நல்லது. திறப்பு சுழலாததற்குப் பல நேரம் காரணம் திறப்பே இல்லை, சிக்கிக்கொண்ட ஒரு தகடுதான். இதைச் செய்யாமலே புதுத் திறப்பு வெட்டினால், சரியாக வெட்டிய திறப்பும் பிழையாகத் தெரியும்.

மூடி பூட்டியபடியே இருந்தால் அதன் விளிம்பில் நெம்பவும் கூடாது. வெயிலில் பல வருடம் நின்ற பிளாஸ்டிக் வளையாது, வெடிக்கும். பெட்டியை அப்படியே திறப்பு வெட்டுபவரிடம் கொண்டுபோவது நல்லது. அனுபவமுள்ளவர் வெட்டாத திறப்பு ஒன்றை மெழுகுதிரிப் புகையில் கறுப்பாக்கிப் பூட்டுக்குள் விட்டு, லேசாகத் திருகி எடுப்பார். தகடு அழுத்திய இடத்தில் கரி விலகிப் பளிச்சென்று ஒரு புள்ளி தெரியும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு, மறுபடி புகை, மறுபடி பூட்டு. பொறுமையான வேலை. பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதீர்கள், அந்தக் கைவேலைக்கு அவர் கேட்கும் கூலி நியாயமானது.

மூடி திறந்தே இருந்தால் பெட்டியைச் சுமக்கத் தேவையில்லை. உள்பக்கம் ஒரு நட்டோ கிளிப்போ பூட்டைப் பிடித்திருக்கும். புறக்கோட்டையில் இதற்காகப் போனால் “பூட்டக் கழட்டிக்கொண்டு வாங்க தம்பி, பொக்ஸ் எதுக்கு?” என்றுதான் சொல்லுவார்கள். இரண்டு பெட்டிகள் இருந்து ஒன்று மட்டும் பூட்டியிருந்தால், திறந்திருக்கும் பெட்டியின் பூட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரே செட்டாக வாங்கியவை என்றால் இரண்டுக்கும் ஒரே திறப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. கைமாறிக் கைமாறி வந்த பைக்குகளில் இடது பெட்டி ஒருவரிடம் இருந்தும் வலது பெட்டி இன்னொருவரிடம் இருந்தும் வந்திருக்கலாம்.

அப்புறம் பிளாங்க், அதாவது இன்னும் வெட்டாத திறப்பு, பற்றிய விடயம். தலை ஒரே மாதிரி இருக்கிறது என்று பிளாங்க்கைத் தெரிவு செய்தால் பூட்டுக்குள் போகாமல் இருக்கலாம். பார்க்க வேண்டியது பக்கவாட்டுப் பள்ளங்களைத்தான். சரியான பிளாங்க் இல்லையென்றால் கிட்டத்தட்டப் பொருந்துவதை ராவி ராவி மெலிதாக்கித் தருவார்கள். அவசரத்துக்கு ஒருமுறை திறக்க அது போதும், நாளாந்தப் பாவனைக்கு வேண்டாம். மெலிந்த திறப்பு ஒருநாள் பூட்டுக்குள்ளேயே முறியும், அந்தத் துண்டை எடுப்பது இன்னொரு வேலை.

தேய்ந்த ஒரு திறப்பு மிச்சம் இருந்தாலும் அதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். மெஷின் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். நகலின் நகல் இன்னும் மோசம். இலக்கத்தில் இருந்தோ தகட்டு உயரத்தில் இருந்தோ வெட்டினால் பூட்டு புதிதாக வந்தபோது இருந்த அளவு கிடைக்கும். வெட்டும்போதே இரண்டாக வெட்டுங்கள்.

புதுத் திறப்பைச் சோதிக்கும்போது மூடியைத் திறந்தே வைத்து, பூட்டை மட்டும் பல தடவை சுழற்றிப் பாருங்கள். முதல் சுற்றில் சுழன்றதும் சந்தோஷத்தில் மூடியை அடைத்து, பிறகு திறக்க முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கிவியின் மோனோகீ வகைப் பெட்டியில் மூடியைத் திறப்பதும் பெட்டியைப் பைக்கில் உள்ள தாங்கியில் இருந்து விடுவிப்பதும் ஒரே பூட்டுத்தான், ஆகவே இரண்டு வேலையையும் சோதியுங்கள். மூடிக்கும் தாங்கிக்கும் தனித்தனிப் பூட்டு உள்ள பெட்டி என்றால் ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள்.

துரு தின்று தகடுகளே உதிர்ந்துபோன பூட்டு என்றால் மட்டும் துளையிடலாம். அப்போதும் சிறிய துளையில் தொடங்குங்கள், பெட்டியின் உடலில் பூட்டு உட்காரும் குழிக்கு அடி படக்கூடாது. அந்தக் குழி நல்லபடி இருந்தால் அளவு எடுத்து, அதே விட்டமும் நீளமும் உள்ள வேறு சிலிண்டரைப் பொருத்திக்கொள்ளலாம்.