ஸ்டாக்ஃபிஷ் செஸ் எஞ்சினை நாமே கம்பைல் செய்வோம்: லினக்ஸ் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

லினக்ஸில் ஒரு கேமைப் போட, மூலநிரலை (மனிதர்கள் எழுதிய நிரலை) இறக்கிக் கம்பைல் செய்ய, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்ற வேண்டிய தேவை இப்போது அநேகமாக இல்லை. சாஃப்ட்வேர் ஸ்டோரைத் திறந்து ஒரு க்ளிக் செய்தால் போதும். நானும் பெரும்பாலான கேம்களை அப்படித்தான் போட்டுக்கொள்கிறேன். ஆனால் நாமே கம்பைல் செய்தால் நிஜமாகவே பலன் தெரிகிற மென்பொருள்கள் சில உண்டு. நகர்வுகளை அலசிச் செஸ் ஆடும் மென்பொருளான செஸ் எஞ்சின் அதில் ஒன்று. முதல்முறையாக மூலநிரலில் கைவைக்கிறவருக்கு ஸ்டாக்ஃபிஷைவிடத் தோதான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பலன் எங்கே இருக்கிறது என்றால் வேகத்தில். உபுண்டு, டெபியன் தரும் பேக்கேஜ் பழைய 64-பிட் கம்ப்யூட்டரிலும் ஓடியாக வேண்டும். அதனால் உங்கள் பிராசஸரில் இருக்கும் ஏவிஎக்ஸ்2 போன்ற புதிய வசதிகளை நம்பி அதைக் கட்ட முடியாது. ஸ்டாக்ஃபிஷோ நொடிக்கு லட்சக்கணக்கான நிலைகளை அலசுகிற மென்பொருள். 2020இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து, ஒரு நிலை நல்லதா கெட்டதா என்பதை எடைபோட அது என்என்யூஇ என்ற சிறு நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்துகிறது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யு நாசு 2018இல் உருவாக்கிய உத்தி அது. ஏவிஎக்ஸ்2 இருந்தால் அந்தக் கணக்குகள் மளமளவென்று ஓடும். உங்கள் மெஷினுக்கென்றே கம்பைல் செய்த எஞ்சின், அதே நேரத்தில் இன்னும் ஆழமாகப் பார்க்கும்.

இன்னொரு வசதி, இது கேட்கிற சாமான்கள் குறைவு. கிராஃபிக்ஸ், சவுண்ட் என்று எந்த லைப்ரரியும் வேண்டாம். சி++ கம்பைலர், கம்பைல் வேலையை வரிசைப்படி நடத்தும் மேக், மூலநிரலை இறக்கித்தரும் கிட் இருந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்று. கட்டளைகளைப் போனில் வாய்விட்டுச் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வருகிற இடத்தைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் எழுதியிருக்கிறபடியே. உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபெடோரா, ஆர்ச் ஆட்களுக்கு முதல் படி மட்டும்தான் மாறும்.

முதல் படி: கருவிகள்

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் கிட் கர்ல்

பில்ட்-எசென்ஷியல் என்ற ஒரே பேக்கேஜில் ஜிசிசி, ஜி++, மேக் மூன்றும் வந்துவிடும். கர்ல் எதற்கென்று மூன்றாம் படியில் தெரியும். ஃபெடோராவில் டிஎன்எஃப் கொண்டு ஜிசிசி-சி++, மேக், கிட் மூன்றையும் போடுங்கள். ஆர்ச்சில் பேஸ்-டெவெல், கிட் இரண்டும் போதும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க "ஜி++ --வெர்ஷன்" என்று தட்டுங்கள். பதிப்பு எண் வந்தால் சரி.

இரண்டாம் படி: மூலநிரல்

கிட்ஹப்பில் அஃபிஷியல்-ஸ்டாக்ஃபிஷ் என்ற கணக்கின் கீழ் ஸ்டாக்ஃபிஷ் என்ற ரெப்போ (மூலநிரல் களஞ்சியம்) இருக்கிறது. இதே பெயரில் பிரதிகள் நிறைய உலவும். கணக்கின் பெயரைப் பார்த்துவிட்டு, பச்சை நிறக் "கோட்" பட்டனை அழுத்தி முகவரியைக் காப்பி செய்யுங்கள். டெர்மினலில் "கிட் க்ளோன்" என்று தட்டி, ஓர் இடம் விட்டு அதை ஒட்டுங்கள். டெர்மினலில் ஒட்டுவதற்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். வெறும் கண்ட்ரோல்-வி வேலை செய்யாது.

இறங்கி முடிந்ததும் உள்ளே போகலாம்:

சிடி ஸ்டாக்ஃபிஷ்

இங்கே ஸ்டாக்ஃபிஷ் என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்து. ஃபோல்டரின் பெயர் அப்படி. லினக்ஸ் இதில் கறார்.

இப்போது உங்கள் கையில் இருப்பது மாஸ்டர் கிளை, அதாவது அன்றாடம் மாறிக்கொண்டிருக்கும் பதிப்பு. வெளியிட்ட பதிப்புதான் வேண்டும் என்றால் "கிட் டேக்" என்று தட்டுங்கள். எஸ்எஃப் என்று தொடங்கும் பெயர்களின் பட்டியல் வரும். எடுத்துக்காட்டாக 17.1ஆம் பதிப்பு வேண்டுமென்றால்:

கிட் செக்அவுட் எஸ்எஃப்_17.1

உடனே "டிட்டாச்ட் ஹெட்" என்று கிட் ஒரு பத்தி நீளத்துக்கு ஏதோ சொல்லும். பயப்பட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட பதிப்பில் நிற்கிறீர்கள், இங்கே மாற்றம் செய்தால் அது எந்தக் கிளையிலும் சேராது என்பதுதான் விஷயம். நாம் எதையும் மாற்றப்போவதில்லை.

மூன்றாம் படி: கம்பைல்

சிடி எஸ்ஆர்சி
மேக் -ஜே2 ப்ரொஃபைல்-பில்ட்

மேக்குக்கான குறிப்புகள் அடங்கிய மேக்ஃபைல் இந்த எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. வெளியே நின்றுகொண்டு மேக் கொடுத்தால் "நோ ரூல் டு மேக் டார்கெட்" என்று திருப்பி அனுப்பிவிடும். புதியவர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஜே2 என்றால் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைக் கம்பைல் செய் என்று அர்த்தம். கோர்களும் ராமும் தாராளமாக இருந்தால் ஜே4, ஜே8 என்று ஏற்றிக்கொள்ளலாம்.

என்டர் தட்டிவிட்டு டீ போடப் போய்விடாதீர்கள். திரையில் ஓடுவதைப் படிப்பதுதான் இந்தக் கலையில் பாதி.

முதலில் வருவது நெட் கோப்பு. நான் மேலே சொன்ன நரம்பு வலையமைப்பின் எண்கள் அடங்கிய கோப்பு அது. மூலநிரலோடு வராது, மேக் தானே கர்ல் அல்லது டபிள்யூகெட் கொண்டு இறக்கிக்கொள்ளும். பல பத்து எம்பி இருக்கும் என்பதால் மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் கவனம். கோப்பின் பெயரைப் பாருங்கள்: என்என் என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அந்தப் 12ம் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 கைரேகையின் முதல் 12 குறிகளே. இறங்கிய கோப்பிலிருந்து கைரேகையைக் கணக்கிட்டு, பெயரோடு ஒத்துப்போகிறதா என்று மேக் சரிபார்க்கும். பாதியில் இன்டர்நெட் போய் அரைகுறையாக இறங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சரியான கோப்பு ஏற்கெனவே ஃபோல்டரில் இருந்தால் மறுபடி இறக்காது. ஆகவே வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து போட்டாலும் செல்லும்.

அடுத்து "கான்ஃபிக்" என்ற தலைப்பில் ஒரு பட்டியல் வரும். உங்கள் பிராசஸரை ஆராய்ந்து அது கண்டுபிடித்தவை அவை. ஏவிஎக்ஸ்2 என்ற வரிக்கு நேரே "யெஸ்" என்று இருந்தால், இத்தனை மெனக்கெடலுக்கும் பலன் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான்கு கட்டங்கள் ஓடும். முதல் கட்டத்தில் வேவு பார்க்கும் கருவிகள் பொருத்திய ஓர் எஞ்சினைக் கட்டுகிறது. இரண்டாவதில் அந்த எஞ்சினை ஓடவிட்டு, நிரலின் எந்தப் பகுதிக்கு அடிக்கடி வேலை வருகிறது, எந்தக் கிளைக்கு எப்போதாவதுதான் போகிறது என்று குறித்துக்கொள்கிறது. மூன்றாவதில் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் மறுபடி கம்பைல் செய்கிறது. தையற்காரர் முதலில் ஒட்டுத்தையல் போட்டு, நம்மைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, அப்புறம் நிஜத் தையல் போடுவதுபோல. நான்காவது, குறிப்புகளைத் துடைத்துச் சுத்தம் செய்வது. இரண்டாவது கட்டத்தில் லேப்டாப் ஃபேன் இரைந்தால் அது சகஜம்.

நடுவில் "கில்ட்" என்ற சொல்லோடு கம்பைலர் செத்து விழுந்தால் அநேகமாக ராம் போதவில்லை. பிரவுசரை மூடிவிட்டு ஜே1 என்று கொடுங்கள். "ஜி++ நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் முதல் படியைத் தாண்டி வந்துவிட்டீர்கள். வேறு ஏதாவது பிழை என்றால், கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். மேலே ஏறிப் போய், "எரர்" என்ற சொல் முதன்முதலாக வருகிற வரியைப் படியுங்கள். கீழே இருப்பவை அதன் பின்விளைவுகள்தான்.

நான்காம் படி: சரியாகக் கட்டினோமா?

ஸ்டாக்ஃபிஷை நான் முதலில் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணம் இந்தப் படிதான். ஒரு கேமைக் கம்பைல் செய்தால், ஓடுகிறது என்பதற்கு மேல் பொதுவாக நமக்கு எதுவும் தெரியாது. இங்கே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

./ஸ்டாக்ஃபிஷ் பெஞ்ச்

முன்னால் வரும் புள்ளியும் சாய்கோடும் "இந்த ஃபோல்டரில் இருப்பதை ஓட்டு" என்பதற்கு. இங்கே எல்லாமே சிறிய எழுத்து. கிடுகிடுவென்று பல நிலைகளை அலசிவிட்டுக் கடைசியில் மூன்று வரிகள் தரும்: எடுத்துக்கொண்ட நேரம், மொத்தம் அலசிய நிலைகள், நொடிக்கு எத்தனை.

நடுவில் உள்ள மொத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து "கிட் லாக்" என்று தட்டி, மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் "பெஞ்ச்" என்ற சொல்லும் பக்கத்தில் ஓர் எண்ணும் கண்ணில் படும். முதலில் கண்ணில் படுவதுதான் நமக்கு வேண்டியது. இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். பிராசஸர் எதுவானாலும், கம்பைலர் எதுவானாலும், ஒரே மூலநிரல் என்றால் இந்த எண் மாறாது. மாறுவது வேகம் மட்டுமே. ஒத்துப்போனால், அதை எழுதியவர்கள் நினைத்த அதே எஞ்சின்தான் உங்களிடமும் இருக்கிறது. கிட் லாக்கிலிருந்து வெளியே வர க்யூ எழுத்தைத் தட்டுங்கள்.

பேக்கேஜாக வந்த ஸ்டாக்ஃபிஷ் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதற்கும் பெஞ்ச் கொடுத்து மூன்றாவது வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். பதிப்பு வேறாக இருந்தால் ஒப்பீடு துல்லியமாக இருக்காது. ஆனாலும் வித்தியாசம் புரியும்.

ஐந்தாம் படி: நிறுவுதல்

சூடோ மேக் இன்ஸ்டால்

முதல் படிக்குப் பிறகு சூடோ இங்கே மட்டும்தான். கம்பைல் செய்யும்போது சூடோ போட்டால் உருவாகும் கோப்புகள் எல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிடும்; அடுத்த முறை உங்கள் ஃபோல்டரிலேயே உங்களுக்கு அனுமதி மறுக்கப்படும். இன்ஸ்டால் செய்வது ஒரே ஒரு காரியம்: எஞ்சின் கோப்பை யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் கொண்டுபோய் வைப்பது. நெட் கோப்பும் எஞ்சினுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் வேறெதையும் சுமக்க வேண்டாம். பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் அந்த ஒரு கோப்பை அழித்தால் தீர்ந்தது.

டெபியன் பேக்கேஜ் தன் எஞ்சினை யூஎஸ்ஆர்/கேம்ஸ் ஃபோல்டரில் வைக்கும். இரண்டும் இருந்தால் எது ஓடும்? பொதுவாக லோக்கலில் இருப்பதுதான். தேடும் வரிசையில் அது முந்தியது. "விச் ஸ்டாக்ஃபிஷ்" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

நிறுவிய கோப்பை நண்பரின் பழைய லேப்டாப்புக்குக் காப்பி செய்து கொடுக்காதீர்கள். அங்கே ஏவிஎக்ஸ்2 இல்லையென்றால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அவர் மெஷினில் அவருக்கென்று கம்பைல் செய்து கொடுப்பதே முறை.

விளையாட

ஸ்டாக்ஃபிஷ் என்று தட்டினால் பெயரும் பதிப்பும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும். தொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. "டி" என்று ஓர் எழுத்து தட்டுங்கள். எழுத்துகளாலேயே வரைந்த பலகை வரும். "கோ டெப்த் 20" என்று கொடுத்தால் 20 அடுக்கு ஆழத்துக்கு யோசித்து, முடிவில் பெஸ்ட்மூவ் என்று ஒரு நகர்வைச் சொல்லும். இடையில் ஓடும் வரிகளில் சிபி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு மதிப்பெண் இருக்கும். நேரலை ஆட்டங்களில் ஓரத்தில் ஏறி இறங்கும் பட்டை இதன் படம்தான். நூறு என்று காட்டினால் வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று கொள்ளலாம், 15.1ஆம் பதிப்பிலிருந்து அப்படி அளவு வைத்திருக்கிறார்கள். வெளியேற "க்விட்".

டெர்மினலில் யாரும் செஸ் ஆடப்போவதில்லை. பலகையோடு ஆட உதவும் க்னோம் செஸ்ஸைப் போட்டுக்கொண்டு புது ஆட்டத்தில் எதிராளியாக ஸ்டாக்ஃபிஷைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் நிறுவியிருந்தால் அதுவே கண்டுகொள்ளும். கொஞ்சம் தீவிரமாக ஆட்டங்களை அலச வேண்டுமென்றால் ஸ்கிட் என்ற மென்பொருள் நல்லது. அதில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று நாம் காட்ட வேண்டும்.

ஸ்கிட்டில் எஞ்சினைக் காட்டியதும் அதன் மூன்று அமைப்புகளைப் பாருங்கள்: த்ரெட்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை கோர்களில் யோசிப்பது), ஹாஷ் (அலசியதை நினைவில் வைக்கும் ராம்), ஸ்கில் லெவல் (ஆட்டத் திறன்). த்ரெட்ஸ் தானாக 1 என்றும், ஹாஷ் 16 எம்பி என்றும் இருக்கும். அலசலுக்கு அது போதாது. த்ரெட்ஸை உங்கள் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாக வையுங்கள். ஹாஷுக்கு ராமைப் பொறுத்து 512 அல்லது 1024 கொடுக்கலாம். ஸ்கில் லெவல் 0 முதல் 20 வரை போகும், தானாக 20இல் இருக்கும். எதிர்த்து ஆடப்போகிறீர்கள் என்றால் முதலில் அதை 2, 3க்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் உலகச் சாம்பியனாலேயே தாங்க முடியாத ஒன்றோடு மோதுகிறீர்கள்.

புதுப் பதிப்பு வந்தால் ஸ்டாக்ஃபிஷ் ஃபோல்டரில் "கிட் ஃபெட்ச் --டேக்ஸ்" கொடுத்து, புதிய பெயருக்குச் செக்அவுட் செய்து, மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.

அடுத்து ஓபன்டிடிடி, சாக்லெட் டூம் போன்ற படமும் சத்தமும் உள்ள கேம்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். அவற்றுக்கு எஸ்டிஎல்2 போன்ற லைப்ரரிகள் வேண்டும். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு ஏன் காணோம் என்கிறது என்று குழம்புவீர்கள். கேமை ஓட்ட லைப்ரரி போதும். கம்பைல் செய்ய அதன் ஹெடர் கோப்புகளும் வேண்டும். டெபியன் குடும்பத்தில் அவை தனிப் பேக்கேஜ், பெயரின் முடிவில் -டெவ் என்று இருக்கும். கம்பைலுக்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் சிமேக் எதையாவது காணோம் என்று சொன்னால், அந்தப் பெயரோடு டெவ் சேர்த்து ஆப்ட் சர்ச்சில் தேடிப் பாருங்கள்.