அழாத பிள்ளைக்குப் பாசம் இல்லையா? குழந்தையின் பரிவை அறியவும் வளர்க்கவும் ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கலியாணத்துக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ உறவு முழுவதும் கூடும்போது, ஏதேனும் ஒரு பிள்ளையைப் பற்றி "இதுக்கு யார் மேலயும் பாசமே கிடையாது" என்ற பேச்சு எழுவதுண்டு. அப்பத்தா நிலைப்படி தடுக்கி விழுந்தபோது அந்தப் பிள்ளை ஓடி வரவில்லை, முகத்தில் கலக்கம் காட்டவில்லை, சற்று நேரம் பார்த்துவிட்டுத் தன் விளையாட்டுக்கே திரும்பிவிட்டது என்பது அதற்குச் சான்றாகச் சொல்லப்படும். பிள்ளைக்கு ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை, இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால் இந்தத் தீர்ப்பு இன்னும் விரைவாக வந்துவிடும். பெற்றோர் அதை ஏற்கும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அடுத்தவர் மனத்தை அறிவது இருக்கட்டும், தன்னுள் எழும் உணர்வு இன்னதென்று அந்தப் பிள்ளையால் சொல்ல முடிகிறதா?

தன் உணர்வை இனம்கண்டு விவரிக்க இயலாத நிலையை உளவியலார் அலெக்ஸிதைமியா என்கிறார்கள். பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் இந்தப் பெயரை வழங்கினார். மருத்துவ வகைப்பாடுகளில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஒருவரிடம் கூடுதலாகவும் இன்னொருவரிடம் குறைவாகவும் காணப்படும் இயல்பாகவே கருதப்படுகிறது. இந்த நிலையில் உள்ளவருக்கு உணர்வு இல்லாமல் போவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது, ஆனால் அது பயமா, கோபமா, வெறும் பசியா என்று பிரித்தறிய முடிவதில்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் மற்றவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரிடமும் இது காணப்படுவதாகக் கணக்கிட்டது. அப்படியானால் ஆட்டிசம் உள்ள மறுபாதிப் பேருக்கு இந்த இடர் இல்லை. ஆட்டிசம் இல்லாத சிலருக்கோ இது இருக்கிறது. ஆட்டிசத்தின் தன்மை என்று நாம் நம்பிவந்த உணர்வுக் குறைகளில் பல உண்மையில் அலெக்ஸிதைமியாவால் வருபவை என்று ஜெஃப் பேர்ட், ரிச்சர்ட் குக் ஆகிய ஆய்வாளர்கள் 2013இல் வாதிட்டனர். அதற்கு முன்பே, 2010இல் வந்த ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், அடுத்தவர் வலியைக் காணும்போது உடலின் உள்நிலையையும் உணர்வையும் பதியும் மூளையின் இன்சுலாப் பகுதி காட்டிய எதிர்வினை ஆட்டிசத்தை ஒட்டி மாறாமல், அலெக்ஸிதைமியாவின் அளவை ஒட்டியே மாறியது. அந்த ஆய்வு பெரியவர்களிடம் செய்யப்பட்டது. குழந்தைகளிடம் செய்யப்பட்டவை குறைவு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பரிவிலும் இரண்டு கூறுகள் உண்டு. எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்று அறிவது ஒன்று. அவர் துன்பத்தில் தானும் கலங்குவது மற்றொன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இடர் முதல் கூற்றில்தான். கலங்குவதில் சிலர் நம்மை விஞ்சிவிடுகிறார்கள்: தம்பி அழுதால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்கு ஓடும் பிள்ளையைக் கல்நெஞ்சு என்கிறோம், அந்த அழுகையைத் தாங்க முடியாமல்தான் அது ஓடுகிறது. போதாக்குறைக்கு, ஆட்டிசம் இல்லாத நாமும் அந்தப் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் படிப்பதில்லை. புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்பதைத் தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் விரிவாக எழுதினார்.

முதலில் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டை எடுத்து இரண்டு மூன்று வாரங்கள் எழுதி வாருங்கள். "கோபப்பட்டான்", "அடம்பிடித்தாள்" என்று எழுதாதீர்கள். அவை உங்கள் தீர்ப்புகள். எந்த நேரம், எந்த இடம், சற்று முன் என்ன நடந்தது, பிள்ளையின் உடல் என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். நூறு பேர் பேசும் ஒலி எதிரொலிக்கும் வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்), நாகசுரமும் தவிலும் முழங்கும் கலியாண வீட்டில், கொப்புடையம்மன் கோயில் தேரோட்டக் கூட்டத்தில் நடந்ததைத் தனியாகக் குறியுங்கள். அங்கே உறைந்து நிற்கும் பிள்ளை, ஆளில்லாத மதிய நேரத்தில் வேறு பிள்ளையாக இருக்கலாம்.

தாமதமாக வரும் பரிவையும் தவறவிடாதீர்கள். காலையில் அப்பத்தா விழுந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற பிள்ளை, மாலையில் தைலப் புட்டியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போகலாம். மறுநாள் "இன்னும் வலிக்குதா" என்று ஐந்தாறு முறை கேட்கலாம். இவை வீட்டில் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை, உங்கள் நோட்டிலாவது ஏறட்டும். பசி, தாகம், வியர்வை, சிறுநீர் கழிக்க வேண்டிய அவசரம் ஆகியவற்றைப் பிள்ளை தானாகச் சொல்கிறதா என்பதையும் பாருங்கள். உடலுக்குள்ளிருந்து வரும் குறிப்புகளைப் படிப்பதில் தடுமாற்றம் இருந்தால் உணர்வைப் படிப்பதிலும் தடுமாற்றம் இருப்பது வியப்பில்லை. வயதையும் மறக்கக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சந்தோஷம், அழுகை, கோபம், பயம் என்று நான்கைந்து பெயர்கள் தெரிந்திருந்தாலே போதும். ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் வருத்தமும் வரும் என்பது பள்ளிப் பருவத்தில்தான் மெல்லப் புரியத் தொடங்குகிறது.

உடலிலிருந்து தொடங்குங்கள்

"உனக்கு எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு இந்தப் பிள்ளைகளிடம் விடை இராது. விடை தெரியாத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பேச்சே நின்றுவிடும். ஆகவே நீங்கள் முதலில் சொல்லிக் காட்டுங்கள்: "எனக்குக் கை நடுங்குது, மூச்சு வேகமா வருது. பஸ் போயிடுமோன்னு பயமா இருக்கு." உடலில் நடப்பது, அதன் காரணம், அதன் பெயர் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும். அன்றாடச் சின்ன நிகழ்ச்சிகளே இதற்குப் போதும். வெள்ளைப் பணியாரம் உப்பாமல் போனால் வரும் ஏமாற்றமும் பாடம்தான். "வயிறு எரியுது", "தலை வெடிக்குது" போன்ற வழக்குகளைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளும் பிள்ளையிடம், தொடக்கத்தில் அவற்றைத் தவிர்த்து நேராகப் பேசுங்கள். பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது உறுதியாகச் சொல்லாமல், "உன் கை இறுக மூடியிருக்கு, கோபமா, இல்ல பயமா?" என்று இரண்டு விடைகளைக் கொடுத்து, "தெரியலை" என்பதையும் மூன்றாவது விடையாக மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களைக் காட்டித் தொடச் சொல்லலாம்.

உணர்வின் பெயர் பிடிபடாவிட்டாலும் அதன் அளவு பிடிபடலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உள்ள வீடானால் ஒரு வரிசையில் ஐந்து கற்களை எடுத்துக்கொண்டு, முதல் கல் அமைதி, ஐந்தாவது கல் தாங்க முடியாத நிலை என்று வைத்து, "இப்ப எந்தக் கல்லுல நிக்கிறே?" என்று கேட்கலாம். நீங்களும் உங்கள் கல்லில் நின்று காட்ட வேண்டும், இல்லையெனில் அது விசாரணையாகிவிடும். பிள்ளை ஐந்தாவது கல்லுக்கு வந்துவிட்ட நேரத்தில் எதையும் கற்பிக்க முயலாதீர்கள். ஒலி குறைந்த அறைக்கு அழைத்துச் சென்று, பேச்சைக் குறைத்து, காத்திருங்கள்.

பரிவைப் பொறுத்தவரை, கண்ணைப் பார்க்கச் சொல்வதையும் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைப்பதையும் விட்டுவிடலாம் என்பது என் துணிபு. அவை கூடியிருக்கும் பெரியவர்களின் மனநிறைவுக்காகச் செய்யப்படுபவை. அதற்குப் பதில் செயலைக் கற்றுக்கொடுங்கள். ஒருவர் விழுந்தால் "அடிபட்டுருச்சா?" என்று கேட்க வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். இதை நடிப்பென்று சிலர் குறை சொல்வார்கள். துக்க வீட்டில் என்ன சொல்வது என்று நமக்கும் யாரோ ஒருவர் சொல்லித்தானே கொடுத்தார்கள்?

ஆட்டிசம் இல்லாத பிள்ளையிடம் இதே நிலையைக் கண்டால் காரணத்தை வேறு பக்கமும் தேட வேண்டும். நீண்ட நாள் பதற்றம், மனச்சோர்வு, அடியோ இழப்போ கண்ட அதிர்ச்சி ஆகியவற்றோடும் அலெக்ஸிதைமியா சேர்ந்து வருகிறது. "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று வளர்க்கப்படும் பையனுக்கும் சொற்கள் சேர்வதில்லை. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்க, அவர் தொலைபேசியில் பேசிமுடித்த ஒவ்வொரு முறையும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு, முதலில் மருத்துவரிடம் காட்டி உடல் நோய் இல்லை என்று தெளிந்த பின், "அப்பாவை நினைச்சா இங்க வலிக்குதா?" என்று கேட்டுப் பார்க்கலாம். உணர்வைச் சொல்லத் தெரியாததை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது.

உறவினரிடம் அலெக்ஸிதைமியா என்று விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. "அப்பத்தா, அவனுக்குப் பாசம் உண்டு, காட்டத் தெரியலை. நீங்க 'எனக்குக் கால் வலிக்குது, அந்தத் தைலத்தை எடுத்துக் கொடு'ன்னு வாய்விட்டுக் கேட்டுப் பாருங்க" என்று சொன்னால் போதும். கேட்டவுடன் பிள்ளை எடுத்துக் கொடுப்பதை ஒருமுறை கண்டவர் அடுத்த முறை அவ்வளவு எளிதில் குறை சொல்லமாட்டார்.

மருத்துவரிடம் போகும்போது

மாவட்ட அளவில் அரசு நடத்தும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதிக்கிறார்கள்; சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. அலெக்ஸிதைமியாவை அளக்கப் பெரும்பாலும் வினாப்பட்டியல்களையே பயன்படுத்துகிறார்கள். பெயர்பெற்ற டொராண்டோ அளவுகோலின் 20 கேள்விகளும் பெரியவர்களை மனத்தில் கொண்டு அமைந்தவை, குழந்தைகளுக்கென வேறு பட்டியல்கள் உண்டு. தன் உணர்வை அறியாதவரிடமே அதைப் பற்றிக் கேட்டு அளப்பதில் உள்ள குறை வெளிப்படையானது. எனவே நீங்கள் எழுதிவைத்த நோட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உடலுக்குள்ளிருந்து வரும் குறிப்புகளைப் படிக்க இயலாத பிள்ளை உடல் வலியையும் சொல்லாமல் விட்டுவிடலாம். வழக்கமாக உண்ணும் பிள்ளை திடீரென்று உணவை ஒதுக்கினாலோ, தூக்கம் கெட்டாலோ, காதையோ வயிற்றையோ அடித்துக்கொண்டாலோ, இதுவரை இல்லாத மூர்க்கம் தோன்றினாலோ, மனநிலை மாற்றம் என்று எண்ணிக் காத்திராமல் காது, பல், தொண்டை, வயிறு, மலச்சிக்கல் ஆகிய அனைத்தையும் அன்றே மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும்.