முதல் ஒட்டுத்துணிப் போர்வை: கால் அங்குலத்தில் இருக்கிறது கணக்கு

வெட்டிய துணித் துண்டுகளை இணைத்து ஒரு மேல்துணியாக்கி, அதற்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு விரிப்பை வைத்து, மூன்றையும் ஊடுருவித் தைத்தால் கிடைப்பதுதான் குயில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை. பார்ப்பதற்கு மலைப்பாக இருந்தாலும், நேர்கோட்டில் தைக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம். கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அளப்பதிலும் வெட்டுவதிலும் என்பதால், அந்த இரண்டைப் பற்றியும் இங்கே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் முயற்சிக்குக் கட்டில் அளவுப் போர்வை வேண்டாம். ஏறத்தாழ 36 அங்குலச் சதுரமாக, ஒரு குழந்தைக்கோ, மடியில் போர்த்திக்கொள்ள ஒரு பெரியவருக்கோ பரிசளிக்கும் அளவில் தொடங்குவோம். குழந்தைக்கு என்றால் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பக்கத்தில் பெரியவர்கள் இருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுவதற்கென்றே அதைக் கொடுங்கள்; பொத்தான், மணி போன்றவற்றை அதில் தைக்காதீர்கள்.

துணியும் பஞ்சும்

நூறு சதவீதப் பருத்தியில், நடுத்தர அழுத்தமுள்ள, இழுத்தால் நீளாத துணியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே போர்வையில் பட்டுத் துணியையும் பனியன் துணியையும் கலப்பது அழகான எண்ணம்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இழுபடும் என்பதால், அதைப் பிறகொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். 42 அங்குல அகலமுள்ள துணியில் 5 அங்குலப் பட்டை ஒன்றை வெட்டினால் 8 சதுரங்கள் கிடைக்கும். நமக்குத் தேவை 64 சதுரங்கள். ஆகவே நான்கு வகைத் துணிகளில், வகைக்கு 30 சென்டிமீட்டர் நீளம் வாங்கினால் போதும். அடித்துணி 40 அங்குலச் சதுரமாகவும், பேட்டிங் என்று கேட்டால் கிடைக்கும் பஞ்சு விரிப்பு அதே அளவிலும் இருக்கட்டும். விளிம்புக்குத் தனியாக இன்னொரு 30 சென்டிமீட்டர் வேண்டும்.

நிறங்களைப் பொருத்துவதில் குழப்பம் இருந்தால், துணிகளை அருகருகே வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறங்கள் வேறுபட்டிருந்தாலும் வெளிர்ப்பும் அடர்த்தியும் வேறுபடவில்லை என்று பொருள்; தைத்த பிறகு சதுரங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடும்.

வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். என் முதல் போர்வையில் நான் இதைச் செய்யவில்லை. அதைப் பரிசாகப் பெற்ற தோழி ஒரே ஒருமுறை துவைத்ததும் வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. அப்படித்தான் வடிவமைத்திருந்தேன் என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

வெட்டுதல்

சுழல் கத்தியும் அதற்கான பலகையும் இருந்தால் வேலை விரைவாக முடியும், இல்லாவிட்டாலும் குறையில்லை. கெட்டியான அட்டையில் சரியாக 5 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, அதைத் துணியின் உள்பக்கத்தில் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் வரைந்து, கோட்டின் மேலேயே கத்தரியுங்கள். சாக்பீஸ் கோடு தடிமனாக இருப்பதால் இந்த வேலைக்கு ஏற்றதன்று. இருபது முறை வரைவதற்குள் அட்டையின் ஓரம் மழுங்கிவிடும் என்பதால் இரண்டு மூன்று அட்டைகளை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. சதுரத்தின் பக்கங்கள் துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும்; சாய்வாக வெட்டிய துண்டு தைக்கும்போது ரப்பர்போல நீளும்.

கால் அங்குலச் சோதனை

சதுரங்களை இணைக்கும்போது தையலுக்கு விட வேண்டியது கால் அங்குலம். சட்டை தைத்துப் பழகியவர்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் அங்குலத்தில் பாதியை மட்டும் கூடுதலாகப் பிடித்தால்கூட, இரண்டு பக்கத் துணியிலும் சேர்ந்து ஓர் இணைப்புக்கு அரைக்கால் அங்குலம் போய்விடும். ஒரு வரிசையில் ஏழு இணைப்புகள் இருப்பதால் வரிசை முடியும்போது கிட்டத்தட்ட ஓர் அங்குலம் குறைந்திருக்கும். அடுத்த வரிசையில் சரியாகத் தைத்திருந்தால், இரண்டும் எந்த மூலையிலும் சந்திக்காது.

எனவே சதுரங்களைத் தொடுவதற்கு முன் ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். வேண்டாத துணியில் ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்து, இஸ்திரி போட்ட பிறகு நடுப் பட்டையை அளந்து பாருங்கள். அது சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் கால் அங்குலம் சரி. குறைவாக இருந்தால் அதிகமாகப் பிடிக்கிறீர்கள். கூடுதலாக இருந்தால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். பல தையல் மிஷின்களில், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரத்துக்கும் ஊசிக்கும் இடையிலான தூரம் கால் அங்குலமாக இருப்பதில்லை. ஆகவே ஊசி இறங்கும் இடத்திலிருந்து அளந்து, மிஷினின் தகட்டின்மேல் ஒட்டுநாடாவை நான்கைந்து அடுக்காக ஒட்டிவிட்டால், அந்தத் திண்டில் துணியின் ஓரத்தை உரசவிட்டே தைத்துப் போகலாம்.

இணைத்தல்

64 சதுரங்களையும் தரையில் எட்டுக்கு எட்டாகப் பரப்பி, பிடித்தமான ஒழுங்கு வரும்வரை மாற்றி மாற்றி வையுங்கள். முடிவானதும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையின் முதல் சதுரத்திலும் எண் எழுதிய தாளைக் குண்டூசியால் குத்திவிடுங்கள். பிறகு இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, தையல் நீளத்தை 2.5 மில்லிமீட்டரில் அமைத்துத் தையுங்கள். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியைப் பாதத்தின்கீழ் செலுத்தினால் தோரணம்போல வரிசையாக வந்துகொண்டிருக்கும். கடைசியில் மொத்தமாக அறுத்துக்கொள்ளலாம்.

இஸ்திரிப் பெட்டியை இங்கே இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ஒற்றைப்படை வரிசைகளில் தையல் மடிப்புகளை இடப்பக்கமாகவும், இரட்டைப்படை வரிசைகளில் வலப்பக்கமாகவும் சாய்த்து அழுத்துங்கள். இரண்டு வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதை விரல் நுனியிலேயே உணரலாம். அங்கே ஒரு குண்டூசியைக் குத்திவிட்டு வரிசைகளைச் சேர்த்துத் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சேரும்.

மூன்று அடுக்கு

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு தரையில் விரித்து, சுருக்கமில்லாமல், அதே சமயம் முறுக்கேறும்படி இழுக்காமல், நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டுங்கள். அதன்மேல் பஞ்சு விரிப்பையும், அதற்கும் மேல் நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேல்துணியையும் போட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி, நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்திக்கொண்டே வாருங்கள். முதுகு வலிக்கும். ஆனாலும் ஊக்குகளைக் குறைத்தால் அடித்துணியில் மடிப்பு விழும். அது தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

மிஷினில் தைப்பதானால் மேல்துணியையும் அடித்துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்னும் பாதத்தைப் பொருத்திக்கொண்டு, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக்கி, நடுக்கோட்டில் தொடங்கி ஓரங்களை நோக்கிச் செல்லுங்கள். இணைப்பின் பள்ளத்துக்குள்ளேயே தைக்கச் சொல்பவர்கள் உண்டு. ஊசி சற்று விலகினாலும் பளிச்சென்று தெரியும் என்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பள்ளத்துக்குக் கால் அங்குலம் தள்ளி, இருபுறமும் ஒவ்வொரு கோடாகத் தைத்தால் சிறு கோணல் கண்ணில் படாது. கையால் தைக்க விரும்பினால், 18 அங்குல நூலில் சிறு முடிச்சிட்டு, சுண்டி இழுத்து முடிச்சைப் பஞ்சுக்குள் புதைத்துவிட்டு, ஓட்டத் தையல் போடுங்கள். தையல்கள் சிறியவையாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் அழகு.

விளிம்பு

தைத்து முடித்ததும் மேல்துணியின் ஓரத்தை ஒட்டி மிச்சப் பஞ்சையும் அடித்துணியையும் நேராக வெட்டிவிடுங்கள். விளிம்புக்கு இரண்டரை அங்குல அகலத்தில் நான்கு பட்டைகளை வெட்டி, சாய்வான தையலால் ஒன்றோடொன்று இணைத்து, ஒரு முனையை அரை அங்குலம் உள்ளே மடித்துக்கொண்டு, முழு நீளத்தையும் இரண்டாக மடித்து அழுத்துங்கள். மடித்த முனையிலிருந்து தொடங்கி, பட்டையின் வெட்டிய ஓரம் போர்வையின் வெட்டிய ஓரத்தோடு சேருமாறு மேல்பக்கத்தில் வைத்து, முதல் நான்கு அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, கால் அங்குலத்தில் தைத்துக்கொண்டு போங்கள்.

மூலையில்தான் கவனம் தேவை. மூலைக்குக் கால் அங்குலம் முன்பாகவே தையலை நிறுத்தி, நூலை அறுத்து, போர்வையை அடுத்த பக்கத்துக்குத் திருப்புங்கள். பட்டையை மேல்நோக்கி மடித்தால் மூலையில் ஒரு சாய்வு மடிப்பு உண்டாகும். அதை விரலால் அழுத்திப் பிடித்தபடி, பட்டையைக் கீழ்நோக்கி மறுபடி மடியுங்கள். இப்போது மேலே உள்ள மடிப்பு தைத்து முடித்த பக்கத்தின் ஓரத்தோடு சமமாக நிற்கும். அந்த ஓரத்திலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். நான்கு மூலைகளும் முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்ததும், வால் முனையை ஓர் அங்குலம் உள்ளே நுழையும் அளவுக்கு வெட்டி, முதலில் மடித்துவைத்த முனைக்குள் செருகி, விட்ட இடத்தைத் தைத்துவிடுங்கள். பட்டையைப் பின்பக்கம் திருப்பி, மிஷின் தையலை மறைத்து, ஹெம்மிங் போடுவதுபோலக் கையால் தைத்தால் போர்வை தயார். பின்பக்க மூலை ஒன்றில், பெறுபவரின் பெயரையும் ஆண்டையும் நூலால் பின்னிய சிறு துணித் துண்டைத் தைத்துக் கொடுங்கள்.

இதே 5 அங்குலச் சதுரங்களில் பதினாறை நான்குக்கு நான்காக இணைத்தால் 18 அங்குலத் திண்டு உறைக்கு முன்பக்கம் கிடைத்துவிடும். பின்பக்கத்துக்கு 18.5 அங்குல நீளமும் 12.5 அங்குல அகலமும் கொண்ட இரண்டு துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நீளப் பக்கத்தை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து, மடித்த பக்கங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்குமாறு முன்பக்கத்தின்மேல் வைத்து, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க நான்கு புறமும் தைத்துத் திருப்பினால், ஜிப்பும் பொத்தானும் தேவைப்படாத உறை ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.