ஷெர்மன் உடலில் பெர்ஷிங் டரட்: உதிரிப் பாகங்களிலிருந்து ஒரு கற்பனை டாங்கி

1944-இல் அமெரிக்கர்கள் ஓர் எம்4ஏ3 ஷெர்மன் டாங்கியின் உடலில், பின்னாளில் பெர்ஷிங் என்று பெயர் பெற்ற டி26 டாங்கியின் டரட்டை, அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூண்டைப், பொருத்திச் சோதித்தார்கள். 90 மி.மீ. பீரங்கி ஏந்திய அந்த வண்டி உற்பத்திக்குப் போகவில்லை. அதற்கான ஏற்பாடுகள் முடிவதற்குள் பெர்ஷிங்கே தயாராகிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்த முடிவு மாறியிருந்து, அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மானியர் ஆர்டென் காடுகளில் தாக்கியபோது இப்படிச் சில வண்டிகள் களத்தில் நின்றிருந்தால் அவை எப்படித் தோன்றியிருக்கும் என்பதை 1/35 அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்து பார்ப்பதைப் பற்றியதே இக்கட்டுரை. வெவ்வேறு கிட்களின், அதாவது ஒட்டிச் சேர்க்கும் மாடல் தொகுப்புகளின், பாகங்களை இணைத்துப் புதிய வண்டியை உருவாக்கும் இந்த வேலையைக் கிட்பேஷிங் என்கிறோம்.

உதிரிப் பெட்டியைத் திறந்ததும் கண்ணுக்கு அழகாகப் பொருந்தும் இரண்டு பாகங்களை எடுத்து ஒட்டிவிடத்தான் கை துடிக்கும். அதற்கு முன் டரட் வளையத்தின், அதாவது டரட் அமர்ந்து சுழலும் உடல் துளையின், விட்டத்தைப் பார்த்தாக வேண்டும். ஷெர்மனின் வளையம் 69 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1753 மி.மீ.; பெர்ஷிங்கின் வளையமும் அதே அளவுதான். நான் முதலில் இந்த டரட்டை 76 மி.மீ. பீரங்கி கொண்ட டி-34 டாங்கியின் உடலில் வைத்து, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று ஒட்டியும் விட்டேன். அந்த உடலின் வளையம் 1425 மி.மீ. மட்டுமே என்று பிறகுதான் தெரிந்தது. மாடலில் 9 மி.மீ.க்குச் சற்று மேலான அந்த வேறுபாடு உண்மையில் 33 சென்டிமீட்டர். உடலையே அகலப்படுத்தாமல் எந்தப் பொறியாளராலும் அதைச் சமாளித்திருக்க முடியாது. அந்த மாடலைப் பிரித்து, பாகங்களை மீண்டும் பெட்டியில் போட்டுவிட்டேன்.

உடலுக்கு எம்4ஏ3ஈ8 கிட்டைப் பரிந்துரைக்கிறேன். அகலமான சங்கிலிப் பட்டைகளும் கிடைமட்டச் சுருள்வில் தாங்கிகளும் கொண்ட இந்த வகை 1944-இன் இறுதியில்தான் ஐரோப்பியப் போர்முனைக்கு வந்தது; கூடுதல் எடையைத் தாங்கும் தகுதியும் இதற்கே அதிகம். டரட்டை ஏதேனும் ஒரு பெர்ஷிங் கிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை வண்டிகளின் வளைய அளவு ஒன்றே என்பதால் கிட் பாகங்களும் தாமாகப் பொருந்திவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டரட்டை உடலில் பூட்டும் பற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எனவே பற்களை வெட்டி நீக்கி, உப்புத்தாளால் சமன் செய்து, வெர்னியர் காலிப்பரால் இரண்டு பக்கத்தையும் அளந்து, இடைவெளி இருந்தால் 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டைக் கீற்றாக வெட்டித் துளையின் உட்புறம் சுற்றி ஒட்டவும். 1/35 அளவில் வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 50 மி.மீ. வர வேண்டும். பசை காய்ந்தபின் டரட்டை வைத்து முழு வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். ஓட்டுநரின் மூடிகளிலோ, உடலின் மேல்தகட்டில் உள்ள காற்றுப்போக்கி மூடியிலோ அது உரசினால் டரட்டின் அடியில் மெல்லிய வளையம் ஒன்றைச் சேர்த்து உயர்த்தலாம். ஆனால் 1 மி.மீ. உயர்த்தினாலே உண்மை அளவில் 35 மி.மீ. ஆகிவிடும் என்பதால் மிகத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நீளமான பீரங்கிக் குழாயால் டரட் முன்பக்கம் சாயும். மீன்பிடி தூண்டிலுக்குப் பயன்படும் ஈயக் குண்டுகளை டரட்டின் பின்பகுதிக்குள் எபாக்ஸி புட்டியால் பதித்துவிட்டால் எடை சமனாகும். மேல்பாகத்தை ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இனி, இந்த வண்டியோடு வாழப்போகும் படைவீரர்களின் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஈ8 உடலின் முன்தகட்டில் இருக்கும் குழாய்த் தாங்கி (பயணத்தின்போது பீரங்கிக் குழாய் ஆடாமல் பிடிப்பது) 76 மி.மீ. பீரங்கிக்கானது. பெர்ஷிங்கில் டரட்டைப் பின்னோக்கித் திருப்பி, உடலின் பின்புறத்திலுள்ள தாங்கியில் குழாயைப் பூட்டுவார்கள். ஆகவே முன்தாங்கியை நீக்கி, அதன் பற்றவைப்புத் தழும்பை மட்டும் விட்டுவிட்டு, பெர்ஷிங் கிட்டில் மிஞ்சும் தாங்கியைப் பின்பக்கம் பொருத்தினேன். எம்4ஏ3-இன் எஞ்சின் மேல் பெரிய கம்பித்தட்டிக் கதவுகள் இருப்பதால், அவை திறப்பதற்குத் தடையில்லாமல் தாங்கியைப் பின்தகட்டின் விளிம்பை ஒட்டியே வைக்க வேண்டும். உதிரிச் சங்கிலிக் கண்ணிகளைத் தொங்கவிடுவதானால் ஷெர்மனுக்கு உரியவற்றையே எடுங்கள். பெர்ஷிங்கின் கண்ணி இந்த வண்டிக்கு உதவாது. முன்தகட்டுக்குக் கூடுதல் கவசம் வேண்டுமானால் அதற்கு உண்மையான முன்மாதிரி உண்டு: 1945-இன் தொடக்கத்தில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் மூன்றாம் படையில், சேதமடைந்த டாங்கிகளிலிருந்து தகடுகளை வெட்டியெடுத்து ஷெர்மன்களின் முன்புறத்தில் பற்றவைத்தார்கள். பழைய ஷெர்மன் உடல் ஒன்று உங்கள் பெட்டியில் கிடந்தால், அதன் முன்தகட்டை அறுத்து அப்படியே பொருத்தலாம்.

பற்றவைப்புக் கோடுகளுக்கு, ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டக் குச்சியை) மெழுகுவத்திச் சுடருக்கு மேல் பிடித்து இளக்கி, இழுத்து இழையாக்கி, கோட்டின் மீது வைத்துத் திரவப் பசையைத் தடவ வேண்டும்; அது மென்மையானதும் கத்தியின் பின்பக்கத்தால் நெருக்கமாக அழுத்திக்கொண்டே போனால் உலோகம் உருகி உறைந்த வரிகள் கிடைக்கும். ஷெர்மனின் இந்த உடல் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது, பெர்ஷிங் டரட்டோ வார்ப்பு. டரட்டின் மீது திரவப் புட்டியைக் கெட்டியான பழைய தூரிகையால் குத்திக் குத்திப் பூசி, காய்ந்தபின் லேசாகத் தேய்த்தால் வார்ப்பின் சொரசொரப்பு வரும். உடலின் தட்டையான தகடுகளில் இதைப் பூசவே கூடாது.

எல்லாம் முடிந்ததும் முழு மாடலுக்கும் சாம்பல் நிற பிரைமர் அடியுங்கள். பல நிறப் பிளாஸ்டிக்குகள் ஒரே நிறமாக மாறும்போது, அதுவரை தெரியாத இடைவெளிகளும் பசைக் கறைகளும் வெளிப்படும். பொறுமையாகத் திருத்தி இரண்டாம் முறையும் அடிக்க வேண்டியிருக்கும். அதன்மேல் அமெரிக்க வண்டிகளின் பழுப்புப் பச்சை நிறமான ஆலிவ் டிராப். என் கற்பனையில் களப் பணிமனையில் டரட் மாற்றப்பட்டதால், உடலுக்குச் சற்று வெளிறிய நிறத்தையும் சேற்றையும் உராய்வையும் கொடுத்து, டரட்டைப் புதிதாக வந்தது போல் அடர்நிறத்தில் விட்டேன். 30-இல் தொடங்கும் அமெரிக்கப் பதிவெண்ணை மாற்றவில்லை; உடல் பழையதென்பதால், ஷெர்மன் கிட்டோடு வந்த எண்ணையே அதன் பக்கவாட்டில் ஒட்டி, மேலே மெல்லிய தூசிப் பூச்சு கொடுத்தேன்.