பிள்ளைகளுக்கு இசை நாடகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆண்டு விழாவுக்கு இசை நாடகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கதையிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாவது வாரத்தில் ஒத்திகை நின்றுபோனது. பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன்.

1. தலைகளை எண்ணுங்கள்

எங்களிடம் இருபத்தாறு பிள்ளைகள். பத்தொன்பது பேர் பெண்கள். மூவர் பாட, மற்றவர்கள் மரமாக நிற்கும் கதைகள் இந்தக் கணக்கிலேயே கழிந்துவிட்டன.

2. கதை

தமிழ் இசை நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை முதலில் எடுத்தேன். நல்லதங்காள், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் வீசும் தாயின் கதை. எட்டு வயதுக் குழந்தைகளிடம் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. வள்ளி திருமணத்தில் பாட்டு அருமை. ஆனால் திருவிழா மேடைகளில் விடிய விடிய நீளும் அந்தத் தர்க்கம் (வாக்குவாதம்) பெரியவர்களுக்கானது.

கடைசியில் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவைக்கு, அதாவது இடையர் குலப் பெண்கள் கைகோத்து ஆடும் பகுதிக்கு, வந்து சேர்ந்தேன். ஆயர்பாடியில் தீய சகுனங்கள்: குடத்துப் பால் உறையவில்லை, உறி வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டிகள் துள்ளவில்லை, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காட்சி! தீமை நீங்கக் குரவையாடலாம் என்கிறாள், கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி. ஏழு பெண்களை நிறுத்தி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரிடுகிறாள். ஏழு பேரும் சமம். 'என் பெண்தானே நாயகி?' என்று கேட்டு வரும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கோவலன் கொலையுண்ட செய்தி அடுத்த காதையான துன்பமாலையில்தான் கண்ணகிக்கு எட்டுகிறது. ஆகவே குரவையோடு திரையை இறக்கலாம்.

3. சுருதி

என் ஒத்திகை நின்றது இங்கேதான். பாட்டுகளுக்கு மெட்டமைத்து, என் குரலுக்கு ஏற்ற ஒன்றரைக் கட்டையில் சொல்லிக்கொடுத்தேன் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும்). பாதிப் பிள்ளைகளுக்குக் கீழே குரலே வரவில்லை. மீதிப் பேர் மேல் ஸ்தாயிக்குத் தாவிக் கத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பாடவராது என்று முடிவுகட்டினேன். தவறு என்னுடையது. ஹார்மோனியக்காரர் ஒருவர் வந்து ஐந்து கட்டைக்கு மாற்றிய அன்றே கூடம் நிறைந்தது.

ஆகவே நாடகத்தை முடிவுசெய்யும் முன் இதைச் செய்யுங்கள். நான்கு கட்டை, ஐந்து கட்டை இரண்டிலும் சட்ஜமத்திலிருந்து (ஸ) மேல் சட்ஜமம் வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பாடச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொதுவாக வரும் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையைத் தாண்டும் பாட்டு எவ்வளவு இனிமையானாலும் விட்டுவிடுங்கள்.

பக்கவாத்தியத்துக்கு ஹார்மோனியமும் மிருதங்கமும் போதும். பதிவுசெய்த இசையை நான் பரிந்துரைக்கமாட்டேன். குழந்தை ஓர் அடியை மறந்தால் ஹார்மோனியக்காரர் அதே இடத்தைச் சுற்றி வந்து காத்திருப்பார், ஒலிப்பதிவு காத்திருக்காது.

4. உரிமை

இலக்கிய, இசைப் படைப்புகளுக்கு இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. சிலப்பதிகாரத்துக்கு அந்தக் கவலை இல்லை. புதிய நாடகம் என்றால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பள்ளி நடவடிக்கையாக ஆசிரியர்களும் மாணவர்களும் நடிப்பதற்கு விலக்கு தருகிறது. குடியிருப்பு சங்கம் போன்ற அமெச்சூர் குழுக்களுக்கும், பார்வையாளர் பணம் கொடுக்காதவரை விலக்கு உண்டு. டிக்கெட் விற்கும் குழு முதலில் எழுதியவரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவிட வேண்டும்.

பின்சேர்க்கை

யூடியூபில் ஏற்றிய ஆண்டு விழா வீடியோவில் ஒலி முடக்கப்பட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாட்டு பழையதுதான், ஆனால் அவர்கள் போட்டது அண்மையில் வெளியான ஒலிப்பதிவு. பதிவுக்குத் தனி உரிமை உண்டு, அதுவும் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

இன்னொருவர் ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பற்றிக் கேட்டார். குரல் உடையும் மகரக்கட்டு நேரத்தில் அவர்களை உச்சத்தில் பாடவைக்காதீர்கள், குரல் கெடும். என் குழுவில் அப்படி இருவர். ஒருவனைக் கதையை அறிமுகம் செய்யும் கட்டியங்காரனாக்கி வசனம் கொடுத்தேன். மற்றவன் பறை அடித்தான். அடுத்த ஆண்டு இருவருக்கும் குரல் நிலைத்தது, இரண்டு கட்டையில் பாடுகிறார்கள்.